மடங்கியிருந்த மூன்று விரல்கள்

அந்தக் காணொளி 38 வினாடிதான் ஓடுகிறது. ஒரு பொதுநோக்கு மண்டபம், நீல நிற பிளாஸ்டிக் கதிரைகள், சுவரில் மாதர் சங்கத்தின் நாட்காட்டி. முன்வரிசையில் வெள்ளைச் சட்டையும் சாரமும் உடுத்த முதியவர் ஒருவர் எழுந்து நின்று, "யாழ்ப்பாணத்துக்கு இரணைமடுத் தண்ணீரைக் கொடுக்கலாம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை" என்கிறார். இரணைமடு எங்கள் கிளிநொச்சியின் பெரிய குளம். உடனே படம் அப்படியே நிற்கிறது. அவருடைய முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் விழுகிறது. மஞ்சள் எழுத்தில் ஒரு கேள்வி வருகிறது: "கிளிநொச்சி விவசாயியின் வயிற்றில் அடிக்கும் இந்தத் துரோகி யார்?"

அவர் என்னுடைய சித்தப்பா. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவருடைய பெயரும் ஊரும் வயதும் 2025 ஏப்ரல் கடைசி வாரத்தில் எத்தனையோ பேருடைய வாயில் விழுந்து எழும்பிவிட்டன.

பரந்தன் சந்திக்குப் பக்கத்தில் நான் கடை வைத்துப் பன்னிரண்டு வருடங்கள் ஆகின்றன. போட்டோக்கொப்பி, கைப்பேசி ரீலோட், பரீட்சை விண்ணப்பம் நிரப்புவது, போரில் நனைந்து கிழிந்த பழைய படங்களைத் திருத்தி எடுத்துக் கொடுப்பது, இவைதான் என் தொழில். ஆனால் தேர்தல் காலத்தில் இன்னொரு வேலையும் வந்து சேர்ந்துவிடும். வயதானவர்கள் கைப்பேசியை நீட்டி, "பிள்ளை, இது உண்மையோ என்று பார்த்துச் சொல்" என்பார்கள். சித்தப்பாவின் காணொளியை எனக்கு முதலில் காட்டியவரும் அப்படி ரீலோட் போட வந்த ஒரு அம்மாதான். அவருக்கு சித்தப்பா எனக்கு என்ன முறை என்று தெரியாது. "இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள் பார்" என்று சொல்லித்தான் காட்டினார்.

நான் அதை நான்கு தடவை பார்த்தேன். நான்காவது தடவைதான் அவருடைய கையைக் கவனித்தேன். சித்தப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் எண்ணித்தான் பேசுவார். இடது கையை நெஞ்சுக்கு நேரே பிடித்து, சுண்டு விரலிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு விடயத்துக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டு போவார். வயல் கூட்டமாக இருந்தாலும் கலியாணப் பேச்சாக இருந்தாலும் அப்படித்தான். காணொளி தொடங்கும்போதே அந்தக் கையில் மூன்று விரல்கள் மடங்கியிருக்கின்றன. சுட்டு விரலும் பெருவிரலும் மட்டுமே நிமிர்ந்து நிற்கின்றன. அவர் ஏற்கெனவே மூன்று விடயங்களைச் சொல்லி முடித்துவிட்டார். அந்த மூன்றும் காணொளியில் இல்லை.

முழுப் பதிவு பத்து நாட்கள் கழித்து என் கையில் கிடைத்தது, அதுவும் தற்செயலாக. உயர்தரம் படிக்கும் ஒரு பையன், கைப்பேசியில் இடமில்லை, எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டுத் தாருங்கள் அக்கா என்று வந்தான். அண்ணன் கலியாணப் படங்களுக்கு நடுவில் அந்தக் கூட்டம் கிடந்தது. பதினொரு நிமிடமும் சில வினாடிகளும். சித்தப்பா பேசுவது ஆறாவது நிமிடத்தில் தொடங்குகிறது. கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"வாய்க்காலைத் திருத்தி, கடைசி வயலுக்கும் தண்ணீர் வந்து சேர்ந்தால்," என்று சுண்டு விரலை மடக்குகிறார். "சிறுபோகத்துக்கு எங்களுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை வாய்ப்பேச்சில் விடாமல் எழுத்தில் தந்தால்," இரண்டாவது விரல். "குளத்துக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு பவுசர் தண்ணீருக்குக் காத்திருக்கும் எங்கள் ஊர்களுக்கு முதலில் குடிநீர் தந்தால்," மூன்றாவது விரல். "அதற்குப் பிறகும் வான் பாய்ந்து கனகராயன் ஆற்றால் ஆனையிறவுப் பக்கம் கடலுக்குப் போகிற தண்ணீர் மிச்சம் இருந்தால், யாழ்ப்பாணத்துக்கு இரணைமடுத் தண்ணீரைக் கொடுக்கலாம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த மூன்றையும் செய்யாமல் ஒரு சொட்டும் எடுக்க விடமாட்டோம்."

வெட்டியவர் மொழி தெரிந்தவர். எங்கள் மொழியில் "வந்தால்", "தந்தால்", "இருந்தால்" எல்லாம் முன்னால் வந்துவிடும். வினைமுற்று கடைசியில்தான் வரும். தலையை வெட்டினாலும் மிஞ்சுவது ஒரு முழு வாக்கியமாகவே நிற்கும். கேட்கிறவனுக்கு எதுவும் குறைவதாகத் தோன்றாது. பின்னாலும் ஒரு வெட்டு, அந்தக் கடைசி வாக்கியத்துக்கு முன்னால். இரண்டு வெட்டில், தண்ணீரைக் காக்க எழுந்து நின்ற மனிதர் தண்ணீரை விற்றவர் ஆகிவிட்டார்.

வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்கு இந்தத் தண்ணீர் ஏன் இவ்வளவு சுடுகிறது என்று சொல்ல வேண்டும். இரணைமடு நூறாண்டு கடந்த குளம். 36 அடிக்குத் தண்ணீர் நிற்கும். மழை கூடினால் வான்கதவுகளைத் திறந்துவிடுவார்கள். ஆனால் மழை குறைந்த மாதங்களில் விதைக்கும் சிறுபோகத்தில் நிலைமை வேறு. எத்தனை ஏக்கருக்கு விதைக்கலாம் என்று ஒவ்வொரு வருடமும் கூட்டம் வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். எல்லோருக்கும் முழுக்காணியும் விதைக்கக் கிடைப்பதில்லை. இந்த நிலையில்தான், போர் முடிந்த கையோடு, ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் யாழ்ப்பாணத்துக்கு இங்கிருந்து குடிநீர் கொண்டுபோகும் திட்டம் வந்தது. விவசாயிகள் எதிர்த்தார்கள். யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் நிலை என்ன என்பதும் எங்களுக்குத் தெரியும். அங்கேயும் எங்கள் சொந்தங்கள்தான் இருக்கிறார்கள். கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு, 2024 ஆகஸ்ட் மாதம் திறந்தும் வைக்கப்பட்டது. ஆனாலும் "இரணைமடுத் தண்ணீர்" என்ற இரண்டு சொற்களும் எரிபொருளாகவே இருக்கின்றன. வாக்கு வேண்டியவருக்கு ஒரு தீக்குச்சி போதும்.

அந்தக் கூட்டம் உள்ளூராட்சித் தேர்தலுக்கானது. மே 6 வாக்களிப்பு. பிரதேச சபைத் தேர்தலில் வட்டாரத்துக்கு வட்டாரம் ஆள் நிற்பார். அறுபது வீதம் வட்டாரத்திலிருந்து, நாற்பது வீதம் பட்டியலிலிருந்து. ஆகவே சண்டை ஒழுங்கைக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஒரே வாய்க்காலில் தண்ணீர் கட்டுகிறவர்கள் இரண்டு கட்சியில் நிற்கிறார்கள். சித்தப்பா எந்தக் கட்சியிலும் இல்லை. விவசாயிகளின் கமக்கார அமைப்பில் பல வருடம் செயலாளராக இருந்தவர். கூட்டத்துக்கு வந்த வேட்பாளர் அவருடைய பேச்சுக்குத் தலையாட்டினார். அதுவே போதுமானதாக இருந்தது. மற்றப் பக்கத்தாருக்கு அந்த வேட்பாளரை அடிக்க ஒரு தடி வேண்டியிருந்தது. அந்தத் தடி ஒரு மனிதர் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

பாராளுமன்றத் தேர்தலில் இதைவிட மோசம், ஆனால் வேறு விதம். ஒரு வாக்கோடு மூன்று விருப்பு வாக்குகள் போடலாம். ஒரே கட்சிப் பட்டியலில் நிற்கும் ஆட்களே ஒருவரை ஒருவர் வீழ்த்தினால்தான் மேலே வரலாம். 2024 நவம்பரில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி இரண்டுக்கும் சேர்த்து ஆறே ஆறு ஆசனங்கள். முந்தைய தேர்தலில் ஏழு இருந்தது. அந்த ஆறில் மூன்றைக் கொழும்பில் ஆட்சிக்கு வந்திருந்த தேசிய மக்கள் சக்தி எடுத்தபோது பலர் திகைத்தார்கள். கடையில் இருந்த எனக்கு அது திகைப்பாகத் தெரியவில்லை. அதற்கு முந்திய இரண்டு மாதமும், வீடு, சங்கு, சைக்கிள் என்று கட்சிச் சின்னங்களாகப் பிரிந்து எங்கள் ஆட்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்ட காணொளிகளைத்தான் சனம் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது. செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளருக்கு இரண்டு இலட்சத்து 26 ஆயிரத்துக்கும் மேல் வாக்கு விழுந்தது. அவரை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஒரே கட்சிக்குள் இருந்தார்கள். அந்தப் பிளவை ஒரு நாள்கூட ஆற விடவில்லை, நாளுக்கு நாள் கிளறினார்கள். நெல் விலையைப் பற்றி, யானை வந்து தென்னையைச் சாய்ப்பதைப் பற்றி, படையினரிடமிருந்து விடுபடாத காணிகளைப் பற்றி ஒரு காணொளியும் என்னிடம் வரவில்லை. யார் யாரை ஏமாற்றினார், யார் கொழும்பிடம் விலைபோனார், இதே பேச்சு.

சித்தப்பாவின் காணொளியைப் போட்ட பக்கத்தை நான் தேடிப் பார்த்தேன். முகநூலில் ஒவ்வொரு பக்கத்திலும் அதன் வரலாற்றைப் பார்க்க ஓர் இடம் உண்டு. எப்போது தொடங்கியது, முன்னர் என்னென்ன பெயர் இருந்தது, நடத்துபவர்கள் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்றெல்லாம் அங்கே இருக்கும். வாசிக்கிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அங்கே போய்ப் பாருங்கள். இந்தப் பக்கம் முதலில் ஒரு திருமணப் படப்பிடிப்புப் பக்கமாக இருந்திருக்கிறது. பிறகு ஓர் ஊரின் பெயர். பிறகு, தேர்தலுக்கு ஏழு வாரம் முன்னர், "குரல்" என்று முடியும் ஒரு பெயர். நடத்துபவர்கள் நால்வரில் இருவர் பிரித்தானியாவில், ஒருவர் கனடாவில், ஒருவர் இலங்கையில்.

வெளிநாட்டில் இருப்பவர்களை நான் குறை சொல்வதாக நினைக்கக் கூடாது. என் கடைக்கு முதல் பணம் சுவிசிலிருந்து வந்தது. மீள்குடியேறி வந்தபோது தறப்பாளுக்குக் கீழே இருந்த எத்தனையோ வீடுகளை அவர்கள்தான் நிமிர்த்தினார்கள். அவர்களுக்கு ஊர் மேல் இருக்கும் தவிப்பு உண்மையானது. அந்தத் தவிப்பைத்தான் இந்தப் பக்கங்கள் பிழிகின்றன. கனடாவில் இரவு வேலை முடித்து வந்து படுக்கையில் கைப்பேசியைத் திறக்கும் ஒருவருக்கு ஊர் என்றால் அந்தச் சிறிய கண்ணாடிதான். அதில் கோபம் வந்தால் அழுத்துவார், அழுத்தினால் இன்னும் பலருக்குப் போகும். வெளிநாட்டிலிருந்து வரும் பார்வைக்கு விளம்பரப் பணமும் கூட. ஆகவே எங்கள் பக்கத்து ஊரான முரசுமோட்டையில் நடப்பதை முரசுமோட்டைக்காரருக்காகச் சொல்வதில் இலாபம் இல்லை.

யூரியூப்பில் ஓர் "அரசியல் ஆய்வாளர்" இந்த 38 வினாடிக்கு 52 நிமிடம் விளக்கம் கொடுத்தார். நான் கடையைப் பூட்டிவிட்டு முழுவதையும் இருந்து கேட்டேன். கொழும்பின் திட்டம் என்றார், வெளிநாட்டுத் தூதரகம் என்றார், விவசாயிகளைப் பிரிக்கும் சதி என்றார். 52 நிமிடத்தில் எந்த வாய்க்கால் என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. ஊரில் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டிருந்தால், அந்த மனிதர் தன் இரண்டு ஏக்கரை ஒவ்வொரு சிறுபோகமும் விதைக்க முடியாமல் கிடக்கும் வாய்க்கால் கடைசிக்காரர் என்று சொல்லியிருப்பார்கள். கேட்டிருக்கலாம். இரண்டு நிமிட வேலை.

துரோகி என்ற சொல்லைப் பற்றி எழுதக் கை நடுங்குகிறது. மற்ற ஊர்களில் அது ஒரு வசைச்சொல்லாக இருக்கலாம். வன்னியில் அந்தச் சொல் ஒருவர் மேல் விழுந்த பிறகு அவருடைய வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் போகமாட்டார்கள். அந்தச் சொல் ஒட்டிய சிலர் வீதியோரத்தில் கிடந்தார்கள். அதை எந்தப் பக்கம் நின்று பார்த்தவராக இருந்தாலும், இங்கே ஐம்பது வயது கடந்த எவரும் மறக்கவில்லை. சித்தப்பா போரின் கடைசியில், 2009இல் மாத்தளனில் தன் மகனைப் புதைத்துவிட்டு வந்தவர். அவரைப் பார்த்து, முகம் காட்டாத ஒருவர், "இவனையெல்லாம் அன்றைக்கே விட்டு வைத்திருக்கக் கூடாது" என்று பின்னூட்டம் எழுதினார். அதற்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் விருப்பம் போட்டிருந்தார்கள். பிரசாரம் ஓய வேண்டிய மே 3 நள்ளிரவுக்குப் பிறகும் அந்தக் காணொளி கைக்குக் கை போய்க்கொண்டுதான் இருந்தது.

இலண்டனில் இருக்கும் அவருடைய மகள் ஒரு நாள் இரவு எனக்கு அழைத்தாள். இங்கே மணி ஒன்றரை. "அக்கா, அப்பா ஏன் அப்படிச் சொன்னார்?" என்றாள். அவர் சொல்லவில்லை என்று சொல்ல என்னிடம் அப்போது முழுப் பதிவு இருக்கவில்லை. விரல்களைப் பார் என்றேன். அவள் பார்த்துவிட்டு அழுதாள். அவருக்குப் பிறந்த பிள்ளைக்கே அந்தக் காணொளிதான் முதலில் போய்ச் சேர்ந்தது.

இதை எல்லாம் நினைக்கும்போது எனக்கு 1997ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது. கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில் ஒரு கொட்டிலில் இருந்தோம். வன்னிக்குள் பற்றரி கொண்டுவர அரசாங்கம் தடை போட்டிருந்தது. சித்தப்பா சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வானொலியைப் பொருத்துவார். அண்ணன் கையால் பெடலைச் சுற்றுவான். வேகம் குறைந்தால் குரல் அமுங்கிப் போகும். அரசாங்கத்தின் செய்தி, புலிகளின் குரல், இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை, மூன்றையும் கேட்போம். ஒன்பதேகால் என்றது வன்னியின் பழைய நேரம். கொழும்பு அப்போது கடிகாரத்தை முன்னுக்கு நகர்த்தியிருந்தது, நாங்கள் நகர்த்தவில்லை. மூன்று வானொலியும் ஒரே சண்டைக்கு மூன்று கணக்குச் சொல்லும். எனக்குப் பதினாறு வயது. எது உண்மை சித்தப்பா என்று கேட்பேன். "சொன்னதைப் பார்க்காதே பிள்ளை, ஒவ்வொருவரும் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று பார்" என்பார். பிறகு விரலை மடக்கி எண்ணுவார்: ஒன்றில் இடத்தின் பெயர் இல்லை, ஒன்றில் இழப்பு இல்லை, ஒன்றில் சனம் இல்லை.

கவிழ்த்த சைக்கிளைச் சுற்றிச் செய்தி கேட்ட சனம் நாங்கள். செய்திக்காக வியர்வை சிந்தியவர்கள். இன்றைக்கு அது கையிலே சும்மா கிடைக்கிறது. சும்மா கிடைத்ததை அப்படியே விழுங்குகிறோம்.

நானும் விழுங்கினேன். அதை எழுதாமல் இந்தப் பதிவை முடிக்க எனக்கு உரிமை இல்லை. 2024 நவம்பரில், எனக்குப் பிடிக்காத ஒரு வேட்பாளர் ஒரு தாயை அதட்டுவது போன்ற காணொளி வந்தது. இருபது வினாடி. மூன்று வட்ஸ்அப் குழுக்களுக்கு நானே அனுப்பினேன். "இவர்தான் எங்களுக்காகப் பேசப் போகிறவரா?" என்று மேலே எழுதியும் விட்டேன். தேர்தல் முடிந்து வெகுநாள் கழித்துத்தான், அந்தத் தாய்க்கும் அவருக்கும் இடையில் நின்ற ஒரு குடிகாரனை அவர் அதட்டினார் என்று அந்தத் தாயின் வாயாலேயே கேட்டேன். போட்டோக்கொப்பி எடுக்க வந்தவர் அவர். நான் குழுக்களில் திருத்தம் போட்டேன். முதல் செய்திக்கு வந்த கைதட்டலில் கால்வாசிகூட அதற்கு வரவில்லை. அந்த வேட்பாளரை எனக்கு இப்போதும் பிடிக்காது. அவருடைய கட்சிக்கு நான் வாக்களிக்கவும் மாட்டேன். ஆனால் அவருக்கு நான் செய்தது அநியாயம்.

பொலிசில் முறைப்பாடு செய்யலாம் என்று சிலர் சித்தப்பாவுக்குச் சொன்னார்கள். நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 ஜனவரியில் நிறைவேறியது. இணையத்தில் எது பொய் என்று ஓர் ஆணைக்குழு தீர்மானிக்கும் அந்தச் சட்டத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக வீதியில் இருக்கும் தாய்மாரின் பேச்சையும் நாளைக்கு அதே கத்தியால் வெட்டலாம். சித்தப்பாவும் மறுத்துவிட்டார். "வெட்டின பிள்ளை யார் என்று எனக்குத் தெரியும். அவனுடைய தகப்பனும் நானும் ஒன்றாக வாய்க்கால் வெட்டினவர்கள்" என்றார். அதற்கு மேல் பெயர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முழுப் பதிவைக் கடைக் கணினியில் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் கேட்டால் கதிரை போட்டுக் காட்டுகிறேன். பதினொரு நிமிடமும் இருந்து பார்த்தவர்கள் இதுவரை நாற்பது பேர் இருக்கலாம். அந்தப் பக்கத்துக்கு இப்போது மறுபடி பெயர் மாறிவிட்டது. சமையல் குறிப்பும் அணிகலன் விளம்பரமும் போடுகிறார்கள். கீழே இறக்கிக்கொண்டு போனால் சித்தப்பா இன்னும் சிவப்பு வட்டத்துக்குள் நிற்கிறார்.

மழைக்கால விதைப்புக்கான காலபோகக் கூட்டத்துக்கு அவரை நான்தான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். வழக்கமாக முதல் வரிசையில் இருப்பவர், அன்றைக்கு யன்னலோரம் கடைசி வரிசையில் இருந்தார். துருசு என்கிற மதகு திறக்கும் திகதி பேசினார்கள், விதைப்புத் திகதி பேசினார்கள், மாடு கட்டும் திகதி பேசினார்கள். வாய்க்கால் திருத்தம் என்ற பேச்சு வந்ததும் அதிகாரி அவரைத் தேடிப் பார்த்து, "ஐயா, உங்கள் பக்கத்து வாய்க்கால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். எல்லோரும் திரும்பினார்கள். இரண்டு மூன்று பேர் கைப்பேசியை உயர்த்தினார்கள்.

"பிறகு எழுத்தில் தருகிறேன் ஐயா" என்று மட்டும் சொன்னார். எழுந்திருக்கவில்லை. இரண்டு கைகளும் முழங்காலின் மேல் விரித்தபடியே இருந்தன.